பால்மரத்துக்குள் போன செய்தி

பேராக் தோட்டங்களில் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் அழைக்கப்பட்ட எண்ணெய்க் கலவைக்குப் பின்னால் ஒரு பெரிய ஹார்மோன் ஆராய்ச்சி இருக்கிறது. அந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. நம் தோட்டப்புற வரலாற்றில் நாம் எழுதாமல் விட்ட பக்கம் இது.

வெட்டுக்கோட்டுக்குக் கீழே பட்டையின் மேல்தோலைச் சன்னமாகச் சுரண்டுவார்கள். செம்பனை எண்ணெயில் கலந்த மருந்தைத் தூரிகையால் தொட்டு, சுரண்டிய இடத்தில் பூசுவார்கள். அவ்வளவுதான் வேலை. அடுத்தடுத்த வெட்டுகளில் மரத்தின் போக்கே மாறிவிடும். வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் நின்றுபோகும் பால், மதியம் தாண்டியும் சொட்டிக்கொண்டிருக்கும். காண்டா வாளியோடு நிரை முழுக்கச் சுற்றிப் பாலெடுத்து முடித்த பிறகும் மங்கில் பால் ஊறும். அது மறுநாள் கட்டிப்பாலாகத்தான் கைக்கு வரும். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சிலிம் ரீவர் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது பழகிய சங்கதி.

பழகிய சங்கதிக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. பூசியது பட்டையின் மேலே, அதுவும் கொஞ்சூண்டு. அதை மரம் எப்படி அறிந்துகொண்டது? அறிந்த பிறகு, உள்ளே இருக்கும் பால்குழாய்கள் தம் நடத்தையை எப்படி மாற்றிக்கொண்டன?

இன்சுலின், தைராக்சின், ஈஸ்ட்ரோஜன் என்று மனித உடலின் ஹார்மோன்களை ஆராய்கிறவர்களின் கேள்வியும் இதுதான். ஹார்மோன் ஒரு செய்தி. அதை வாங்கிக்கொள்ள உயிரணுவில் ஒரு புரதம் இருக்க வேண்டும். அந்தப் புரதத்துக்கு ‘ஏற்பி’ என்று பெயர். ஏற்பி வாங்கிய செய்தி உயிரணுவுக்குள் கைமாறிக் கைமாறி மரபணு வரை போவதைத்தான் ‘உயிரணுச் சமிக்ஞை’ என்கிறோம். உலகின் பெரிய ஆய்வகங்கள் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் இந்த வழியைக் கண்டுபிடிப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அதே வழியைத் திறக்கும் சாவி மலாயாவின் பால்மரக் காட்டில் கையில் கிடைத்திருந்தது.

கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகள்

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஒரு பகுதி பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு வந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் வளாகத்தில் நட்டார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவித் தொடர்ந்து பாலெடுக்கும் முறையை வகுத்தார். ஈய லம்பங்களால் வளர்ந்த ஈப்போவைச் சுற்றிலும் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. அந்தக் காட்டை அழித்ததும், கன்று நட்டதும், விடியுமுன்னே தலைவிளக்கோடு நிரையில் இறங்கியதும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, ஆயாக்கொட்டகை என்று ஓர் உலகமே அதைச் சுற்றி எழுந்தது.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி உருவானது. கோலாலம்பூரிலும் சுங்கை பூலோ சோதனை நிலையத்திலும் நடந்த ஆய்வுகளின் பயன் நாடெங்கும் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் கதை நடந்த இடமும் அந்தக் கழகம்தான்.

பால் ஏன் நிற்கிறது?

அந்தக் கழகத்து ஆய்வாளர்களில் ஒருவர் எஸ். டபிள்யூ. பாக்கியநாதன். அவருடைய ஆய்வு வாழ்க்கையை அச்சில் வந்த கட்டுரைகளின் வழியே பின்தொடர்ந்தால், ஒரே கேள்வியை விடாமல் துரத்திய ஒருவர் தெரிகிறார். பால் எப்படி ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்பதே அந்தக் கேள்வி.

ரப்பர்ப் பால் மரத்தின் சாறு அன்று. அது உயிருள்ள உயிரணுக்களின் உள்ளடக்கம். பட்டையின் உட்புறத்தில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து வலைபோல் பின்னிய குழாய்களாகின்றன. அவற்றுக்குள்ளே மூன்றில் ஒரு பங்கு ரப்பர்த் துகள்களோடு பால் நிறைந்திருக்கிறது. 1960களில் பட்டரி, போட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் குழாய்களின் அழுத்தத்தை அளந்தார்கள். விடியலுக்கு முன்பு அது காற்றழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருந்தது. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கியது. இருட்டோடு இருட்டாகப் போய் வெட்டினால்தான் பால் அதிகம் என்று வெட்டுக்காரர்கள் பட்டறிவால் தெரிந்து வைத்திருந்ததற்கு அளவுக் கணக்கு கிடைத்தது.

அந்த அழுத்தத்தால்தான் கத்தி பட்டதும் பால் பீறிடுகிறது. பிறகு ஏன் நிற்கிறது? 1966இல் பாக்கியநாதன், போட்மன், டேசம் மூவரும் கழகத்தின் ஆய்விதழில் ஒரு விடையை முன்வைத்தார்கள். வெட்டியவுடன் அழுத்தம் சட்டென்று குறைகிறது. சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் குழாய்க்குள் புகுந்து பாலை நீர்க்க வைக்கிறது. அந்த மாற்றத்தில் பாலிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. குழாயின் வாய் அடைபடுகிறது. பாலில் மிதக்கும் ‘லூட்டாய்டு’ என்ற நுண்பைகளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. மெல்லிய தோலுடைய அந்தப் பைகள் உடைந்தால், உள்ளிருக்கும் புரதங்களும் உப்புகளும் வெளியேறி ரப்பர்த் துகள்களைத் திரள வைக்கும். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு அது.

மரத்துக்கு அது பாதுகாப்பு. தோட்டத்துக்கு அது மகசூலின் எல்லை. அடைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் அதே மரம், அதே வெட்டு, அதிகப் பால்.

வெவ்வேறு பொருள்கள், ஒரே விளைவு

தள்ளிப்போடும் முயற்சிகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. 1951இல் சாப்மன் என்பவர், செயற்கைத் தாவர ஹார்மோனான 2,4-டியைப் பட்டையில் பூசினால் பால் கூடுகிறது என்று கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். அதன் உறவான 2,4,5-டி செம்பனை எண்ணெயில் கலக்கப்பட்டுத் தோட்டங்களில் பயன்பட்டது. பின்னாளில் வியட்நாம் காடுகளின் மேல் தெளிக்கப்பட்ட ‘ஏஜன்ட் ஆரஞ்ச்’ கலவையில் இருந்ததும் இதே 2,4,5-டிதான். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் மரத்துக்குள் தாமிர சல்பேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள், பால் கூடியது. அசெட்டிலீன் வாயுவைக் கொடுத்தபோதும் கூடியது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். செயற்கை ஹார்மோன், உப்பு, வாயு என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் அத்தனையும் ஒரே வேலையைச் செய்தது எப்படி?

1968இல் விடை நெருங்கியது. பி. டி. ஆபிரகாம், பி. ஆர். வைச்சர்லி, எஸ். டபிள்யூ. பாக்கியநாதன் மூவரும் கழகத்தின் ஆய்விதழில் இரண்டு புதிய பொருள்களைப் பற்றி எழுதினார்கள். ஒன்று பிக்லோராம். மற்றொன்று 2-குளோரோஎத்தில் பாஸ்போனிக் அமிலம். ‘எத்தெபோன்’ என்பது அதன் பொதுப்பெயர். தோட்டத்துக்கு வந்தபோது ‘எத்ரல்’ என்று வந்தது. பால்மரத்தின் தலையெழுத்தை மாற்றியது இந்த இரண்டாவது பொருள்.

எத்தெபோன் வேலை செய்யும் விதம் எளிமையானது. கடுமையான அமிலத்தன்மையில் அது கலையாமல் இருக்கும். தாவரத் திசுவுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தன்மை குறைவு என்பதால் மெல்ல மெல்ல உடையும். உடையும்போது எத்திலீன் வாயு பிறக்கும். ஆக, பட்டையில் பூசிய மருந்து ஒரு வாயுவைக் கட்டிவைத்திருந்த பொட்டலம். அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வாளர்கள் டோசாக்கும் ரிபாயியேவும், பால் சுரப்பைத் தூண்டுவது எத்திலீனே என்று தனியாக அறிவித்தார்கள்.

புதிர் அவிழ்ந்தது. 2,4-டி போன்றவை தாவரத் திசுவை எத்திலீன் சுரக்க வைக்கின்றன. தாமிர சல்பேட்டால் ஏற்படும் காயமும் அப்படியே. அசெட்டிலீன் எத்திலீனைப் போன்ற வடிவம் கொண்டு அதன் வேலையைத் தானே செய்கிறது. வேஷங்கள் பல, உள்ளே போன செய்தி ஒன்று.

அந்தச் செய்தி நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வாழைத்தாரைக் குழியில் வைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குத் தெரியும். புகையில் இருந்த எத்திலீன்தான் காயைக் கனிய வைத்தது. பழுத்த பழம் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் 1934இல் வேதியியல் முறையில் நிறுவினார். ஒரு செடி தானே உண்டாக்கி, தன் வளர்ச்சியைத் தானே நடத்தப் பயன்படுத்தும் வாயு. ஹார்மோன் என்பதற்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

தலைகீழாக வேலை செய்யும் ஏற்பி

செய்தி எது என்று தெரிந்தாயிற்று. அதை வாங்குவது யார்?

மனித உடலில் இந்தத் தேடல் முன்பே சூடுபிடித்திருந்தது. 1905இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி, மருந்துகளை வாங்கிக்கொள்ளும் ஒரு பொருள் உயிரணுவில் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1950களின் இறுதியில் சிகாகோவின் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியைத் தேடிக் கண்டார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் திசையை அது மாற்றியது. அட்ரினலின் போன்றவற்றின் ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாவரங்களில் தேடல் தாமதமாகத் தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தது 1901இல் ரஷ்ய மாணவர் திமித்ரி நெல்யுபோவ் கண்ட ஓர் உண்மை. எரிவாயு விளக்கு எரிந்த ஆய்வுக்கூடத்தின் காற்றில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் குட்டையாகி, தடித்து, பக்கவாட்டில் சாய்ந்தன. காரணம் எத்திலீன் என்று அவர் நிறுவினார். பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வாளர்கள் அதே சோதனையைச் சல்லடையாக்கினார்கள். அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியின் ஆயிரமாயிரம் நாற்றுகளை இருட்டில் எத்திலீனில் வளர்த்து, குட்டையாகாமல் நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கும் நாற்றைத் தேடினார்கள். செய்தி காதில் விழாத செடி அது. 1988இல் அந்தோணி பிளீக்கரும் குழுவினரும் அப்படி ஒன்றைக் கண்டறிந்து அறிவித்தார்கள். 1993இல் கேரன் சாங், எலியட் மேயரோவிட்ஸ், பிளீக்கர் முதலியோர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஈ.டி.ஆர்.1 என்று பெயர் பெற்ற அந்தப் புரதம்தான் தாவர ஹார்மோன் ஏற்பிகளில் முதலில் இனங்காணப்பட்டது.

அதன் நடத்தை எல்லோரையும் திகைக்க வைத்தது. பொதுவாக ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பி விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். எத்திலீன் ஏற்பி நேர்மாறு. எத்திலீன் இல்லாதபோதுதான் அது சுறுசுறுப்பாக இருக்கிறது. வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாத காவலாளியைப்போல், எத்திலீனுக்குரிய மரபணுக்கள் எழுந்துவிடாமல் தடுத்துக்கொண்டே இருக்கிறது. எத்திலீன் வந்து ஒட்டியதும் காவல் கலைகிறது. தடை நீங்கியதால் செய்தி உட்கருவுக்குப் போகிறது. ஏற்பியில் ஒரு தாமிர அயனி அமர்ந்திருந்தால்தான் எத்திலீன் அதில் ஒட்டும் என்பது 1999இல் தெரிந்தது. காவல் கலைந்த பின் இ.ஐ.என்.2 என்ற புரதத்தின் ஒரு துண்டு வெட்டுப்பட்டு உட்கருவுக்குள் நேரே போகிறது என்பதை 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. சாவி கைக்கு வந்து 44 ஆண்டுகள் கழித்துத்தான் பூட்டின் உள்ளமைப்பு இவ்வளவு தெளிவானது.

மீண்டும் பட்டைக்குள்

எத்திலீன் ஏற்பிகள் பால்மரத்திலும் இருக்கின்றன. செய்தி உள்ளே போனதும் பால்குழாய்கள் சர்க்கரையையும் நீரையும் கூடுதலாக இழுக்கின்றன. பாலின் அமிலத்தன்மை குறைகிறது. ரப்பரை உருவாக்கும் வேதிவேலைகள் வேகமெடுக்கின்றன. லூட்டாய்டுப் பைகள் எளிதில் உடையாமல் தாக்குப்பிடிக்கின்றன, அடைப்பு தள்ளிப்போகிறது. 1966இல் பாக்கியநாதன் ஆராய்ந்த அடைப்பும், 1968இல் அவர் பங்கெடுத்த ஊக்கியும் ஒரே நூலின் இரு முனைகள். 1989இல் டோசாக் முதலியோர் தொகுத்த ரப்பர்ப் பால் உடலியல் நூலில், நீரோட்டத்துக்கும் பால் ஓட்டத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய அத்தியாயத்தைப் பாக்கியநாதன், ஹரிதாஸ், டோசாக் மூவரும் எழுதினார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கேள்வி. ஒவ்வொரு விடையும் அடுத்த விடைக்குப் படிக்கட்டு. ஓர் ஆய்வு வாழ்க்கைக்கு இதைவிட நிறைவு இல்லை.

ஊக்கியால் முதல் சில மாதங்களில் மகசூல் ஒன்றரை மடங்கு, சில மரங்களில் இரட்டிப்புகூட ஆகும். ஆனால் மரம் இழந்ததை ஈடுசெய்ய நேரம் வேண்டும். மருந்தும் கூடி வெட்டும் கூடினால் பட்டை காய்ந்துவிடும். கத்தி போட்டாலும் பால் வராது. இந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான் மருந்தின் வீரியம் குறைக்கப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றிருந்த வெட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று தள்ளிவைக்கப்பட்டது. குறைந்த வெட்டில் அதே அளவு பால் என்பது நிர்வாகத்துக்கு ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழி. வெட்டு நாளையும் எடையையும் நம்பிப் பிழைத்த குடும்பத்துக்கு அது வேறு கணக்கு. ஒரு மூலக்கூறின் கதையைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரத்தின் வாசலில் நடந்த மாற்றம் லயத்தின் வாசல் வரை வந்தது.

1988இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் விளைவித்தது. இன்றைய விளைச்சல் ஆண்டுக்கு 4 லட்சம் டன்னுக்கும் குறைவு. அதற்கும் முன்பே, 1950களிலும் 60களிலும், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் பல்லாயிரம் குடும்பங்களை வெளியே தள்ளியது. சுங்கை சிப்புட்டின் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்க முன்வந்தது அந்த வேதனையிலிருந்துதான். எஞ்சிய நிலங்களிலும் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. ஈப்போவிலிருந்து தெற்கே காரில் போனால் பால்மர நிரைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மரம் போனாலும் அறிவு போக வேண்டியதில்லை. 2013இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு பால்மரத்தின் மரபணுத் தொகுப்பு முன்வரைவை வெளியிட்டது. ஆய்வுக்கு எடுத்தது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வகை. நம் கழகமே கலப்பினமாக உருவாக்கியது. எந்தெந்த ஏற்பிகள், எந்தெந்தச் சமிக்ஞைப் புரதங்கள் பால்குழாயில் இருக்கின்றன என்று இனி மரத்தைக் கேட்டே அறியலாம். பட்டை காய்ந்துபோவதைத் தடுக்கும் வழியும் அதற்குள் எங்கோதான் இருக்கிறது. அதைத் தேடப் போகிறவர்கள் யார்?

பேராக்கில் மட்டும் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளின் பெயரில் இன்னமும் ஒரு தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விஞ்ஞானம் என்பது தொலைதூரத்து வெள்ளைக்காரர்களின் வேலை என்று சொல்லாமலே சொல்லிக்கொடுத்து வருகிறோம். அவர்களின் பாட்டி மங்கு கழுவிய அதே மரத்தடியில் உலகத்தரமான உடலியல் ஆய்வு நடந்தது. அதில் பாக்கியநாதன் என்ற பெயர் அச்சேறியது. இதைச் சொல்ல ஒரு வகுப்பு போதும்.

சோதனை ஒன்றையும் சேர்த்துச் செய்யலாம், செலவு ஒன்றுமில்லை. இரண்டு மூடிய டப்பாக்களில் ஈரப்பஞ்சின் மேல் பச்சைப்பயறு தூவி இருட்டில் வையுங்கள். ஒன்றில் மட்டும் நன்றாகக் கனிந்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ பயற்றின்மேல் படாமல் வையுங்கள். நான்கைந்து நாள் கழித்துத் திறந்தால் பழமில்லாத டப்பாவில் நாற்றுகள் நெட்டையாக நிற்கும். பழமிருந்த டப்பாவில் குட்டையாக, தடிப்பாக இருக்கும். நெல்யுபோவ் கண்டது அது; ஏற்பியைக் காட்டிக்கொடுத்தது அது; பால்மரப் பட்டைக்குள் போனதும் அதே செய்தி. ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் இந்தக் கதையைக் கோலகங்சாரிலிருந்து தொடங்கட்டும்.